மேற்படி காது விஷயமாக

டெக்சாஸ் மாநிலத்தில் துப்பாக்கியால் சத்தம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. போட்ட சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால்தான் வாஷிங்டனைக் கேட்க வேண்டும். இந்த உண்மை ஜோசபினுக்கு 1997ஆம் வருடம் வரை தெரியாது. தெரியாமல் இருந்தவரை அவளும் ஊரில் உள்ள மற்றவர்களைப் போல வரி கட்டி, புல் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

விவகாரம் ஒரு காதில் ஆரம்பித்தது. காது அவள் கணவன் தேவதாஸுடையது. இடது பக்கத்தைச் சேர்ந்தது. இனி அது மேற்படி காது என்று குறிப்பிடப்படும்.

ஒருநாள் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க என்று சொல்லி ஜோசபின் மாடிக்குக் குளிக்கப் போனாள். தலையில் ஷாம்பூ நுரையோடு நிற்கும்போது மூன்றாவது விசில் கேட்டது. நான்காவதும் கேட்டது. அதற்குப் பிறகு குக்கர் மூச்சு விடாமல் கத்த ஆரம்பித்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவள் ஓடி வந்தபோது, அடுப்புக்குக் கைநீட்டும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேவதாஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படியொரு சாந்தம்.

"என்னங்க இது?"

"இன்னும் வரல ஜோ. பக்கத்துலயேதான் இருக்கேன், கவலப்படாதே" என்றான். அவன் சொல்லி முடிக்கவும் குக்கரின் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் அடிக்கவும் சரியாக இருந்தது. பருப்பு, ஃபேன் இறக்கை வரைக்கும் போயிருந்தது. அப்போதுதான் தேவதாஸ் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வந்துடுச்சு போல" என்றான்.

புருஷன் கேட்காத மாதிரி இருப்பதற்கும் கேட்காமலே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஜோசபினுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்த இரண்டு காதுகளையும் சொன்னபடி கேட்கப் பழக்கியவள் அவள்தான். அவ்வளவு உழைப்பும் ஒரு சனிக்கிழமைப் பழக்கத்தில் வீணாய்ப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பதாக இல்லை.

சனிக்கிழமைப் பழக்கம் என்பது இது. தேவதாஸ் ரவுண்ட் ராக்கில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். கம்ப்யூட்டருக்குள் சுற்றுகிற விசிறி செய்கிற கம்பெனி. அந்த விசிறியின் இரைச்சலைக் குறைப்பது அவன் உத்தியோகம். அதற்கு எந்த அதிகாரியின் கையெழுத்தும் வேண்டாம். அவனுடைய பாஸ் ஹட்சின்ஸுக்கு ஊருக்கு வெளியே ஒரு பண்ணை இருந்தது. சனிக்கிழமை தோறும் ஆபீஸ் ஆண்பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் வரிசையாக நிற்கவைத்து டின்களைச் சுடச் சொல்வார். போகாதவர்கள் பெயர் அடுத்த பிராஜெக்டில் இல்லாமல் போவதாக ஒரு பேச்சு. போனவர்கள் பெயர் இருந்ததா என்று யாரும் சரிபார்க்கவில்லை. பேச்சே போதுமானதாக இருந்தது.

அந்தக் காலத்தில் ரவுண்ட் ராக் பக்கத்துத் தமிழ் ஆண்களுக்கு ஒரு சடங்கு வரிசை இருந்தது. கிரீன் கார்டு வந்த மாதம் பூட்ஸ். அடுத்த மாதம் தொப்பி. அதற்கடுத்து ரைஃபிள். ஊரில் சைக்கிள் டயர் வெடித்தாலே வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் பாட்லக் பார்ட்டியில் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டாவின் எடை பற்றிப் பேசினார்கள். தேவதாஸின் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிது. தள்ளுபடியில் அதுதான் இருந்தது.

சுடுகிற இடத்தில் காதை மூட இயர்மஃப் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தேவதாஸும் மாட்டிக்கொண்டான், ஆனால் ஹட்சின்ஸ் வாயைத் திறந்தால் உடனே கழற்றிவிடுவான். ஏன் என்று ஜோசபின் கேட்டதற்கு அவன் நிஜமாகவே அதிர்ச்சியடைந்தான்.

"பாஸ் பேசறப்ப எப்படி ஜோ காத மூடிக்கிட்டு நிக்கறது? மரியாதையா இருக்குமா?"

ஹட்சின்ஸ் ஓயாமல் பேசுகிற மனிதர். மற்றவர்கள் ஓயாமல் சுடுகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் மரியாதையாகத் திறந்து நின்றது மேற்படி காது.

ஆஸ்டினில் காது மூக்கு தொண்டை டாக்டர் அனந்தலக்ஷ்மி. தமிழ்க்காரர்களிடம் மட்டும் திட்டுவதற்குத் தனியாக ஃபீஸ் வாங்க மாட்டார். தேவதாஸைக் கண்ணாடி அறைக்குள் வைத்து பீப் பீப் என்று எதையோ அனுப்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, இவர் பாதி பீப்புக்குக் கையே தூக்கவில்லை, மீதிப் பாதிக்கு நான் கண்ணாடி வழியாகத் தலையாட்டியதைப் பார்த்துத் தூக்கினார் என்று சொன்னார். காது முழுசாகப் போகவில்லையாம். ஆனால் போகிற காது திரும்பி வராதாம். இப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் ஒரு வருடத்தில் இடது பக்கம் சுவர்தான் என்றார்.

"துப்பாக்கிய விட்டுடச் சொல்லும்மா."

"பாஸ விடச் சொல்றதும் அதுவும் ஒண்ணுதான் டாக்டர். வேற வழி சொல்லுங்க."

"அப்ப இயர்மஃப்ப கழட்டவே கூடாது. துப்பாக்கிக்கும் சைலன்சர் போடணும். ரெண்டும் வேணும்."

சைலன்சர் என்றதும் ஜோசபினுக்குச் சினிமாவில் வில்லன் ஹோட்டல் ரூமில் 'டொப்' என்று சுடுவது ஞாபகம் வந்தது. டாக்டர் அதற்கும் திட்டினார். நிஜத்தில் டொப் எல்லாம் கிடையாது, நன்றாகவே வெடிக்கும், காது பொசுங்குகிற சத்தம், காது வலிக்கிற சத்தமாக இறங்கும், அவ்வளவுதான் என்றார். குக்கருக்கு வெயிட் போடுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டு ஜோசபின் எழுந்தாள். ஒரு மருந்து எழுதிக் கொடுத்தால் வாங்கிக் கொடுப்பது அவள் வேலை.

துப்பாக்கிக் கடைக்கு தேவதாஸோடு அவளும் போனாள். கடைக்காரருக்கு மார்பு வரை தாடி. சைலன்சரைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். பார்த்தால் சின்ன டார்ச் லைட் மாதிரி ஒரு குழாய். உள்ளே தடுப்புத் தடுப்பாக இருக்குமாம். வேறு ஒன்றும் இல்லையாம்.

"இவர் இந்தக் கடையிலதான் ரைஃபிள் வாங்கினார். அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று ஜோசபின் கேட்டாள்.

கடைக்காரர் யோசித்தார். "அன்றைக்கு கோக் மெஷின் ரிப்பேர். இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் ஆகியிருக்கும்."

"சரி, இதையும் பில் போட்டுடுங்க."

"இதற்குக் கொஞ்ச நாளாகும் மேம்."

"எவ்வளவு நாள்?"

"உங்களுக்கு இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள்."

பிறகு அவர் சட்டத்தை விளக்கினார். ஜெபம் சொல்கிற குரலில்தான் விளக்கினார். அறுபது வருடங்களுக்கு முன்னால் ரவுடிகளுக்குப் பயந்து எழுதிய சட்டம். அதன்படி தேவதாஸ் வாங்கிய ரைஃபிள் ஒரு சாமான். வெடிக்காத, சுடாத, தானாக ஒரு கொசுவைக்கூடக் கொல்ல முடியாத இந்தக் குழாய்தான் துப்பாக்கி. ஆகவே குழாய்க்கு மத்திய அரசு வரி இருநூறு டாலர். வரி கட்டியதற்கு அடையாளமாக ஸ்டாம்ப். பத்து விரல் ரேகை. போட்டோ. ஊர் போலீஸ் தலைவரின் கையெழுத்து. எல்லாம் வாஷிங்டன் போய்த் திரும்பும்வரை குழாய் கடைப் பெட்டிக்குள் காவலில் இருக்கும்.

"குழாயையா காவல்ல வைக்கிறீங்க? ரைஃபிள் எங்க வீட்டு அலமாரில புடவைக்குப் பக்கத்துல நிக்குது."

"யெஸ் மேம்."

"என் கார்ல சைலன்சர் கழண்டு விழுந்தா போலீஸ் டிக்கெட் கொடுக்கிறான். துப்பாக்கில சைலன்சர் மாட்டினா போலீஸ் பிடிக்கிறானா?"

கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். "மேம், இந்தச் சட்டம் புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. நீங்கள் நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டீர்கள்." அப்புறம், ஐரோப்பாவில் குளிர் நாடுகள் சிலவற்றில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதற்காக இதைச் சாதாரணமாக வாங்கி மாட்டுகிறார்கள் என்றும் சொன்னார். இங்கே பக்கத்து வீட்டுக்காரரிடமும் துப்பாக்கி இருப்பதால் அந்தக் கவலை எழவில்லை போலும்.

கலிபோர்னியாவில், மில்பிடாஸில் இருந்த தங்கை ஆன்லினிடம் ஜோசபின் போனில் இதைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஆன்லின் குரலைத் தாழ்த்தி, "அக்கா, போன்ல இதெல்லாம் பேசாதே" என்றாள். கலிபோர்னியாவில் அந்தக் குழாயை வைத்திருந்தாலே ஜெயிலாம். நியூஜெர்சியிலும் அப்படித்தானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நியூஜெர்சியிலிருந்து சித்தி மகள் ஒருத்தி கூப்பிட்டு, தேவதாஸ் அத்தானுக்கு வேலை போய்விட்டதா, இப்போது என்ன பிசினஸ் செய்கிறார் என்று நாசூக்காக விசாரித்தாள்.

ஆனாலும் இது டெக்சாஸ். இங்கே சட்டம் அனுமதிக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. கையெழுத்து வாங்குவது எப்படி என்று கான்வென்டில் படித்த, தூத்துக்குடியில் வளர்ந்த ஒருத்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிகாரி கையெழுத்துப் போட வேண்டுமானால் அவர் மேஜையில் காகிதம் குவிய வேண்டும். நம்மை நல்லவர் என்று சொல்கிற ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு நகல், ஒவ்வொரு நகலுக்கும் பச்சை மையில் ஒரு அட்டெஸ்டேஷன்.

பச்சை மைக்குப் பஞ்சமில்லை. மகன் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார் பசுபதி அங்கிள் அப்போது ரவுண்ட் ராக்கில் இருந்தார். ஸ்வெட்டரை மறந்தவர் ரப்பர் ஸ்டாம்பை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். ரிட்டயர் ஆனபிறகு அட்டெஸ்ட் பண்ணலாமா என்று தேவதாஸ் இழுத்ததற்கு, "தம்பி, பதவிக்குத்தான் ஓய்வு. பச்சை மைக்கு ஏது ஓய்வு?" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பகல் சாப்பாட்டுக்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து முடித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் தெரிந்த நிறைவு, அமெரிக்கா வந்த பிறகு மகனும் மருமகளும் பார்க்காதது.

தேவதாஸின் பள்ளி நன்னடத்தைச் சான்றிதழ், காலேஜ் நன்னடத்தைச் சான்றிதழ், தூத்துக்குடிப் பங்குச்சாமியார் தமிழில் எழுதிய கடிதம், ஞானஸ்நானச் சீட்டு, என்.சி.சி.யில் வரிசையாக நின்றதற்கு ஒரு சான்று, ரத்ததானம் செய்ததற்கு ஒரு சான்று, பழைய ரேஷன் கார்டின் நகல். ஜோசபினின் சான்றிதழும் ஒன்று சேர்ந்தது. 'சாந்த சுபாவம் உடையவள்' என்று மதர் சுப்பீரியர் எழுதியது. மதர் கையெழுத்துப் போட்ட வேகத்தில் பெயர்கள் மாறியிருக்கலாம் என்று தேவதாஸ் எப்போதும் சொல்வான்.

அவர்கள் வீடு இருந்தது ரவுண்ட் ராக்கை ஒட்டிய டிரை ஃபோர்க் என்கிற சின்ன ஊரில். போலீஸ் தலைவர் சீஃப் கோல்மன் வெள்ளை மீசை வைத்த பெரிய மனிதர். ஜோசபின் பேசத் தொடங்கியதும் ஒரு கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, முன்னால் குனிந்து, அவள் முகத்தையே பார்த்துக் கேட்டார். வாக்கியத்துக்கு ஒரு முறை "யெஸ் மேம்" என்றார். இப்படிக் கவனமாகக் கேட்கிற அதிகாரியை அவள் இரண்டு தேசத்திலும் பார்த்ததில்லை. மனம் குளிர்ந்து, சான்றிதழ்க் கட்டை அவர் மேஜையில் வைத்தாள்.

சீஃப் அதைப் புரட்டினார். புரட்டப் புரட்ட மீசை தொங்கியது.

"மேம், இதில் நான் எதில் கையெழுத்துப் போடுகிறேன் தெரியுமா?" விண்ணப்பத்தை எடுத்து விரலால் தட்டினார். "இந்த ஆள் இந்தச் சாதனத்தைத் தப்பான காரியத்துக்கு உபயோகிப்பார் என்று என்னிடம் ஒரு தகவலும் இல்லை. அப்படி எழுதியிருக்கிறது. நேற்று வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். நேற்று என்னிடம் ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கு நீங்கள் இவ்வளவு தகவல் கொண்டுவந்து கொட்டிவிட்டீர்கள்."

"எல்லாம் நல்ல தகவல் சார்."

"யெஸ் மேம்." சாமியாரின் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது என்ன மொழி என்றே எனக்குத் தெரியவில்லை. இதற்குள் என்ன இருக்கிறதோ? இந்தப் பச்சை மைக்காரர் யார்? எல்லாப் பக்கத்திலும் வந்து நிற்கிறார். கூட்டுச்சதியாக இருந்தால்?"

கட்டு முழுவதும் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தப்பட்டு, பரிசீலனைக்கு எடுத்து வைக்கப்பட்டது. பரிசீலிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும். டிரை ஃபோர்க் காவல்துறைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் பதவி இல்லை. பதவியை உருவாக்க நகரசபை கூட வேண்டும். நகரசபை வசந்த காலத்தில் கூடும். நல்லவன் என்று நிரூபிக்கப் போன தேவதாஸ், அன்று மாலைக்குள் அந்த ஊரிலேயே அதிகமாகக் கவனிக்கப்படுகிற மனிதன் ஆனான். அவர்கள் தெருவில் போலீஸ் கார் கொஞ்சம் மெதுவாகப் போக ஆரம்பித்தது. தேவதாஸ் ஒவ்வொரு முறையும் கையசைத்தான்.

சனிக்கிழமைகள் மட்டும் நிற்கவில்லை. சத்தத்தைக் குறைப்பதற்குத்தான் பரிசீலனை. சத்தம் போடுவதற்கு ஏற்கெனவே பூரண அனுமதி இருந்தது. ஜோசபின் இயர்மஃப்பை டேப் போட்டு அவன் தலையோடு ஒட்டி அனுப்பிப் பார்த்தாள். ஹட்சின்ஸ் வாயைத் திறந்ததும் டேப்பைப் பிய்த்துவிட்டு, கூடவே கொஞ்சம் முடியையும் பிய்த்துக்கொண்டு வந்தான். ஆபீசில் அவனுக்குப் பெயர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் காது வைத்துச் சோதித்த விசிறிகள் எல்லாம் அவ்வளவு அமைதியாக இருந்தன. கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு காலாண்டு இல்லை என்று ஹட்சின்ஸ் கேடயம் கொடுத்தார்.

டிசம்பரில் மகள் ரெனிஷா சர்ச் பாடகர் குழுவில் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். முதல் வரிசையில் உட்கார்ந்து தேவதாஸ் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஓர் இடத்தில் மூச்சு வாங்க அவள் வாயை மூடினாள். பியானோ மட்டும் போய்க்கொண்டிருந்தது. தேவதாஸ் எழுந்து நின்று கைதட்டினான். சர்ச்சில் வேறு யாரும் தட்டவில்லை. மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்ததும் கையை மெதுவாகக் கீழே இறக்கி, மடியில் வைத்துக்கொண்டான். ஜோசபின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரை அவள் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் காலை சீஃப் ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றாள்.

உள்ளே போய்த் தன் கட்டை அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லி, கான்வென்டில் அசெம்பிளிக்குப் பேசிய குரலில் தொடங்கினாள்.

"இதுல ஒரு வரியாவது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

சீஃப் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "யெஸ் மேம்."

"பொய் சொல்லாதீங்க. தமிழ் உங்களுக்கு எப்படிப் புரியும்? புரியாத காகிதம் தகவல் ஆகாது. வெறும் காகிதம். அப்ப உங்ககிட்ட என்ன தகவல் இருக்கு? ஒண்ணும் இல்ல. சரிதானே?"

"யெஸ் மேம்."

"தகவல் இல்லைன்னுதானே அந்த ஃபாரம்ல எழுதியிருக்கு? உண்மையத்தானே எழுதியிருக்கு? உண்மைல கையெழுத்துப் போட ஒரு ஆபீசருக்கு என்ன பயம்?"

சீஃப் அவள் முகத்தைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார். "யெஸ் மேம்" என்று சொல்லிப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தர்க்கத்துக்கு இப்படித் தலைவணங்குகிற அதிகாரி கிடைப்பது அபூர்வம் என்று அவள் ரெனிஷாவிடம் பெருமையாகச் சொன்னாள். ரெனிஷா, "வாட்எவர், அம்மா" என்றாள்.

ஃபாரம் வாஷிங்டன் போனது. குளிர் போய்ச் சாலையோரமெல்லாம் நீலப்பூ பூத்து, அதுவும் காய்ந்து, ஆஸ்டின் வெயில் மண்டையைப் பிளக்கிற காலம் வந்தபோது ஸ்டாம்பு ஒட்டிய அனுமதி திரும்பி வந்தது. கடைக்காரர் குழாயை விடுதலை செய்தார். கூடவே ஒரு எச்சரிக்கையும் செய்தார். குழாய் தேவதாஸ் பெயரில் பதிவாகியிருப்பதால் அவன் இல்லாத நேரத்தில் ஜோசபின் கையில் அது இருக்கக்கூடாது. வீட்டில் அதைப் பூட்டி வைக்கும் பெட்டியின் நம்பரும் அவளுக்குத் தெரியாமல் இருப்பதே உத்தமம். அந்த வீட்டில் தனக்குத் தெரியாத ஒரு நம்பர் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதை ஜோசபின் சட்ட விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குடும்ப விஷயத்தில் தலையீடு என்று எடுத்துக்கொண்டாள்.

முதல் சனிக்கிழமை ஹட்சின்ஸ் அதை ஒரு விழாவாகவே ஆக்கிவிட்டார். குடும்பங்கள் எல்லாம் பண்ணைக்கு வந்தன. தேவதாஸோடு வேலை பார்த்த ராமசுப்ரமணியன் புதுத் தொப்பியும் அவன் மனைவி மீனாக்ஷி எலுமிச்சை சாதமும் கொண்டுவந்தார்கள். பசுபதி அங்கிள் மடிப்பு நாற்காலியில் தலைமை தாங்கினார். தன் கையெழுத்து என்ன விளைவித்தது என்று பார்க்க சீஃப் கோல்மனும் வந்திருந்தார். அவரும் ஹட்சின்ஸும் இருபது வருடமாக அதே பண்ணையில் சேர்ந்து சுடுகிறவர்கள் என்பது ஜோசபினுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஜோசபின் நடுவர்" என்று ஹட்சின்ஸ் அறிவித்தார். நடுவர் காதை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதால் அவளுடைய இயர்மஃப்பை மரியாதையாகக் கழற்றி வாங்கினார்கள். மற்றவர்களும் கழற்றினார்கள். சைலன்சர் இருக்கும்போது எதற்கு?

தேவதாஸ் குழாயைத் திருகி மாட்டினான். குறி பார்த்தான். சுட்டான்.

ஜோசபினின் பல் வரைக்கும் அதிர்ந்தது. டாக்டர் சொன்னது சரிதான். காது பொசுங்கவில்லை, ஆனால் நன்றாக வலித்தது. மரத்திலிருந்த பறவை எல்லாம் கிளம்பிப் போனது. மடிப்பு நாற்காலியில் பசுபதி அங்கிள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

தேவதாஸ் துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜோ, பாத்தியா? ஒரு சத்தமே இல்ல!"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஹட்சின்ஸ் அவன் தோளில் தட்டி, "ஒரு ஊசி விழுந்த சத்தம்கூட இல்லை" என்றார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வரிசையில் தேவதாஸைப் போலவே காதைத் திறந்து நின்ற ராமசுப்ரமணியன், "சினிமால காட்டறத நான் நம்பவே மாட்டேன், நிஜம்தான் போல" என்றான். சீஃப் கோல்மன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "எப்போது சுடப் போகிறார்?" என்று கேட்டார். சுட்டாகிவிட்டது என்று டின்னைத் தூக்கிக் காட்டினார்கள். நடுவில் ஓட்டை இருந்தது.

"சத்தம் வந்துது" என்று ஜோசபின் சத்தமாகச் சொன்னாள். "பயங்கரமா வந்துது."

"யெஸ் மேம்" என்றார் சீஃப், மிகுந்த மரியாதையோடு.

அந்தக் கணத்தில்தான் அவளுக்கு அவருடைய கவனமும் பொறுமையும், தர்க்கத்துக்குத் தலைவணங்கிய அந்தக் காலையும் என்னவென்று விளங்கின.

சீஃப் டின்னைக் கையில் வாங்கி ஓட்டையில் விரல் விட்டுப் பார்த்தார். முகம் கடுமையானது. இவ்வளவு நிசப்தமாக ஒரு டின்னைக் கொல்ல முடியுமென்றால் நாளைக்கு ஒரு மனிதனை என்ன செய்ய மாட்டார்கள் என்றார். வாஷிங்டன் ஏன் இதைத் துப்பாக்கி என்கிறது என்று தனக்கு இன்றுதான் புரிந்தது, இனி தன் மேஜையிலிருந்து இப்படி ஒரு கையெழுத்து போகாது என்றார். ராமசுப்ரமணியன் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ஃபாரத்தை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டான்.

"ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று ஹட்சின்ஸ் தன்னுடைய பெரிய ரைஃபிளை எடுத்தார். அதில் குழாய் இல்லை. அவர் யாரையும் எச்சரிக்கவும் இல்லை. நடுவரின் தலைக்குப் பக்கத்தில் நின்று சுட்டார். பிறகு இன்னொன்றும் சுட்டார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று அவர் சொன்னதாக அப்புறம் மீனாக்ஷி சொன்னாள். ஜோசபினுக்கு அப்போது அவர் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

மறுநாள் பூசைக்குப் போய் வந்து அவள் குக்கரில் பருப்பு வைத்தாள். தலைக்குள் ஒரு டியூப்லைட் எரிகிற மாதிரி இரைச்சல். இரண்டு நாளில் போய்விடும் என்று டாக்டர் அனந்தலக்ஷ்மி போனில் சொன்னாராம். அதை ரெனிஷாதான் வாங்கிச் சொன்னாள். சொல்லும்போது, போகாமலும் இருக்கலாம் என்பதை விட்டுவிட்டாள். ஜோசபின் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். முதல் விசிலுக்காகக் காத்திருந்தாள். எதிரே சோபாவில் தேவதாஸ் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் நிஜமாகவே நல்ல அமைதி.

ரெனிஷா மாடியிலிருந்து தடதடவென்று ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். புகைந்துகொண்டிருந்த குக்கரையும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா! கேன்ட் யூ கைஸ் ஹியர் தட்?"

ஜோசபின் மகளின் வாயையே பார்த்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"யெஸ்" என்றாள்.